இடுப்பு மாறிய பிள்ளை

என் அம்மாவைத் தையல் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் காஜாக்கா. சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பேர். பதினாறு வருடமாக அம்மாவுக்கு அதுதான் வேலை. அந்த மெஷின் முதலில் துளை வரவேண்டிய இடத்தைச் சுற்றி நெருக்கமாகத் தைக்கும். அடுத்த நொடி ஒரு சின்னக் கத்தி இறங்கி நடுவில் வெட்டும். மற்றத் தையல்கள் தவறிப்போனால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். காஜா தவறினால் அவ்வளவுதான். சட்டை கழிவு மூட்டைக்குப் போகும்.

அதனால் அம்மா ஒவ்வொரு சட்டையையும் இரண்டு தடவை அளந்து சாக்பீஸால் குறித்துக்கொள்வாள். மற்றவர்கள் ஒரு தடவைதான் குறிப்பார்கள். செக்கிங்கில் இருக்கிற பெண்கள் அவளைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"காஜாக்கா, அது சட்டைதான். வீட்டுப் பத்திரம் இல்ல."

"பத்திரமா இருந்தா நான் தொடவே மாட்டேன்டி" என்பாள் அம்மா.

பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கம்பெனிக்குப் போய், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின நாள்களில் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எழுத்து என்றால் அம்மாவுக்குப் பயம், படிக்காதவள், அதனால் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எந்தப் படிவம் வந்தாலும் அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் தள்ளி நிற்பாள். நான்தான் நிரப்புவேன். பத்து வயதிலிருந்து எங்கள் வீட்டின் எழுத்தர் நான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். குடும்பம் என்றால் அம்மாவும் நானும்தான். எனக்கு இரண்டரை வயதாக இருக்கும்போது நாங்கள் இருந்த ஊருக்குப் போர் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போன அப்பா வரவில்லை. அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, வழியில் பிரிந்துபோனாள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். "பிரிஞ்சு போய்ட்டா" என்று அம்மா சொல்வாள். கூட்டத்தில் கை நழுவிப்போனதாக நானே ஒரு காட்சியை மனதில் வரைந்து வைத்திருந்தேன். மேற்கொண்டு கேட்டதில்லை. கேட்காமல் விட்டது மரியாதையால்தான் என்று அப்போது என்னிடமே சொல்லிக்கொண்டேன். இப்போது அது சோம்பல் என்று தோன்றுகிறது.

படிப்பு முடிந்ததும் நகரக் குடிநீர் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. சேர்வதற்குப் பிறப்புப் பதிவு வேண்டும் என்றார்கள். நான் பிறந்த ஊரின் பதிவு அலுவலகம் அந்தப் போரிலேயே எரிந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக, ஊரைவிட்டு வந்தவர்களை முதன்முதலில் எழுதின பதிவேட்டின் நகலைக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். விண்ணப்பித்தேன். ஒரு மாதம் கழித்துத் தபாலில் ஒற்றைத் தாள் வந்தது.

என் பெயர் சரியாக இருந்தது. வயது சரி. அப்பா பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. அம்மா பெயர் என்ற இடத்தில் அத்தையின் பெயர்.

எவனோ தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு மதிய இடைவேளையில் கம்பெனிக்குப் போனேன். கட்டிங் அறைக்குப் பின்னால் இருக்கிற படியில் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் நூல் துணுக்கு.

"அம்மா, இந்த லட்சணத்தப் பாரு. அம்மா பேர் போடுற எடத்துல அத்த பேரப் போட்டு வச்சிருக்கானுங்க."

அம்மா தாளைத் தொடவில்லை. சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த டேபிள்னு போட்டிருக்கா?"

"என்ன டேபிள்?"

"மேல நம்பர் ஏதாவது இருக்கும். பாரு."

மேல் மூலையில் இருந்தது. மேசை எண் ஒன்று.

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றாள் அம்மா. டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சோறு அதில் இருந்தது.

அன்று அவள் சொன்னதை என்னால் இயன்றவரை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

எல்லையில் ஒரு பள்ளிக்கூட மைதானம். குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று மேசைகள். ஒன்றாம் மேசை பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும். இரண்டாவது வயதானவர்களுக்கு. மூன்றாவது, குழந்தை இல்லாத இளம்பெண்களுக்கு. விசாரிக்க வேண்டும் என்று சொல்லி, மூன்றாவது மேசைக்குப் போனவர்களைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. காலையிலிருந்து உள்ளே போன ஒருத்தியும் திரும்பி வெளியே வரவில்லை என்பது வரிசையில் நின்றவர்களுக்குப் புரிந்துபோனது.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. யார் முதலில் செய்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. மூன்று பிள்ளைகளோடு நின்ற ஒருத்தி, தன் கடைசிப் பிள்ளையைத் தூக்கி முன்னால் நின்ற பெண்ணின் இடுப்பில் வைத்தாள். "உன் புள்ளன்னு சொல்லு" என்றாள். பிறகு வரிசை முழுக்க அதுதான் நடந்தது. "அக்கா, ஒண்ணு குடுங்கக்கா", "இத அழ விடாதே, வாயில விரல வை", "பேரு கேட்டா என்ன சொல்வே, சொல்லிப் பாரு." மேசையைத் தாண்டினதும் அந்தப் பக்கத்தில் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அத்தைக்கு அப்போது இருபது வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா ஆறு மாதக் கர்ப்பம்.

"எனக்கு வயிறு இருந்துச்சு. அதக் காட்டினாப் போதும். உன்னத் தூக்கி அவ இடுப்புல வச்சேன். ஒரு பத்து நிமிஷம் இரவல் குடுக்குற மாதிரிதான். பக்கத்து வீட்டுக்கு உலக்க குடுக்குறோமே, அந்த மாதிரி."

ஒன்றாம் மேசையில் அத்தை சொன்னாள், என் பிள்ளை. எழுதினார்கள். அத்தைக்கும் எனக்கும் ஒரே எண் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். அடுத்து அம்மா. அவளையும் எழுதினார்கள். ஆனால் ஒன்றாம் மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கயிறு இருந்தது. அதை வரிசையில் நின்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள் இடதுபக்கப் பேருந்துக்கு. பிள்ளைத்தாய்ச்சிகள் வலதுபக்கம், ஆஸ்பத்திரி இருக்கிற முகாமுக்கு.

"கத்தியிருக்கலாம்" என்றாள் அம்மா. "அது என் புள்ளன்னு ஒரு வார்த்த. கத்தியிருந்தா உன்னக் குடுத்திருப்பாங்க. அவள மூணாவது டேபிளுக்கு இழுத்துட்டுப் போயிருப்பாங்க. நான் வாயப் பொத்திக்கிட்டேன். அவ பஸ்ஸுல ஏறினப்புறம் ஜன்னல் வழியா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. உன் கையப் பிடிச்சு டாட்டா காட்டுனா."

அடுத்த பதினான்கு மாதங்கள் அத்தைதான் எனக்கு அம்மா. அம்மாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்து, பிள்ளை இறந்து பிறந்தது. பையன். அதைப் பற்றி அவள் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

வயிற்றில் இருந்ததும் போய், இடுப்பில் இருந்ததும் இல்லாமல் அவள் ஒவ்வொரு அலுவலகமாக அலைந்தாள். கடைசியில் ஒரு அதிகாரி, வாக்குமூலம் கொடுத்தால் விசாரிக்கிறேன் என்றார். கொடுத்தாள். அவளை ஜீப்பில் ஏற்றி அத்தை இருந்த முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு தகரக் கொட்டகை. அதிகாரி என்னிடம் குனிந்து கேட்டாராம், "பாப்பா, உங்க அம்மா யாரு?"

நான் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டேன்.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அத்தைதான் பேசினாள். "அவங்கதான் பெத்தவங்க. நான் பொய் சொல்லித்தான் எழுதினேன்."

நான் கத்தக் கத்த என்னைப் பிரித்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்கள். பொய்த் தகவல் கொடுத்தவர் என்று அத்தையைத் தனியாக ஒரு கட்டடத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். ஜீப்பில் ஏறும்போது அம்மா அத்தையிடம் சொன்னாள், "ரெண்டே நாள். யாரையாவது பாத்துப் பேசிட்டு வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்."

"போனியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஏன்?"

"பதிவுல இன்னும் நீ அவ புள்ளதான். மாத்தி எழுதலாமான்னு கேட்டதுக்கு, அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க. நான் திரும்பிப் போய் நின்னா, எவனாவது நோட்டப் பிரிச்சுப் பாத்துட்டு உன்ன வாங்கி அவகிட்ட குடுத்துட்டா? அந்தப் பயம். அந்த வாரமே இந்த ஊருக்கு அனுப்புற பட்டியல்ல என் பேர் வந்துச்சு. ஏறிட்டேன்."

அத்தை அந்தக் கட்டடத்தில் மூன்று வருடம் இருந்ததாக அம்மா பிறகு கேள்விப்பட்டாள். அதே வழியில் வந்து கம்பெனியில் சேர்ந்த ஒருத்தி சொன்னது. அத்தை இப்போது எங்கே இருக்கிறாள் என்றும் அவள் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்து எட்டு வருடம் ஆகிறது.

"ஒரு தடவ போனேன். நீ பள்ளிக்கூடச் சுற்றுலா போன அன்னிக்கு. கேட் வரைக்கும் போனேன். உள்ள அவ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பிட்டேன்."

இடைவேளை மணி அடித்தது. அம்மா எழுந்து நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அன்று மாலை அவள் மூன்று சட்டைகளைக் கெடுத்துவிட்டதாகச் செக்கிங் பெண்கள் மறுநாள் என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார்கள்.

பதிவேட்டைத் திருத்துவதற்கு ஒரு படிவம் இருந்தது. தாய் என்று எழுதப்பட்டிருப்பவர் உயிரோடு இருந்தால் அவரே கையெழுத்துப் போட வேண்டும். அவர் வேலை செய்யும் இடத்தின் பொறுப்பாளர் அதைப் படித்துப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் வந்த அந்தப் பழைய தாளின் அசலையும் ஒப்படைக்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு மணி கடைசி. தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அம்மா அவளுடைய நல்ல புடவையைக் கட்டி, பாதி வழியில் அது கசங்கிவிட்டதென்று கவலைப்பட்டாள். நான் படிவத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். உள்ளபடியே சொன்னால், எனக்கு அத்தையைப் பார்க்கிற ஆவலைவிடக் கையெழுத்து வாங்குகிற அவசரம்தான் அதிகமாக இருந்தது.

சலவைக் கூடம் ஆஸ்பத்திரியின் பின்புறம் இருந்தது. வாசலிலேயே சூடான ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே சுழலும் ஆளுயர மெஷின்கள், சக்கரம் வைத்த தள்ளுவண்டிகளில் மலை மலையாய் வெள்ளைத் துணி. நீண்ட மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனை. கடைசியில் ஒருத்தி மட்டும் துணை இல்லாமல், விரிப்பின் மறுமுனையை மேசை மேல் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். காலில் ரப்பர் பூட்ஸ். நரைத்த தலையை இறுக்கிக் கட்டிய துணி.

அவள்தான் முதலில் பார்த்தாள். இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணி" என்றாள் பிறகு. "அந்த முனையப் பிடிங்க. எங்க ஆளு டீ குடிக்கப் போனா, அறுவடை முடிச்சுட்டுத்தான் வருவா."

அம்மா பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பிடித்தாள். இரண்டு பேரும் விரிப்பை இழுத்து உதறினார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். அத்தை அதை வாங்கிக்கொண்டாள். அம்மா பின்னால் போய் அடுத்த விரிப்பை எடுத்தாள். ஒவ்வொரு விரிப்புக்கும் இரண்டு பேரின் கைகளும் ஒருமுறை தொட்டுப் பிரிந்தன. ஏழு விரிப்புகள் அப்படி மடிந்தன.

"ரெண்டு நாள்னு சொன்னீங்க, அண்ணி."

"ஆமா."

"உங்க ஊர்ல ஒரு நாளு கொஞ்சம் நீளம் போல."

அம்மா விரிப்பின் முனையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். முகம் கோணிற்று. "அழாதீங்க" என்றாள் அத்தை. "இப்பத்தான் காய வச்சு எடுத்திருக்கோம், திரும்ப ஈரமாக்கிடாதீங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எடது கால்ல அந்தத் தழும்பு இருக்கா?" என்றாள்.

இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே, ஒரு இலை அளவுக்கு. அது பிறவியிலேயே இருந்தது என்றுதான் அம்மா எப்போதும் சொல்வாள்.

"முகாம்ல வெந்நீரத் தட்டி விட்டுட்ட. நாலு நாளு உன்னக் கீழயே எறக்கல நான்."

அம்மா என் காலைப் பார்த்தாள், புதிதாகப் பார்ப்பது போல. பிறவித் தழும்பு என்று என் பள்ளிக்கூடப் படிவத்தில்கூட அவள் சொல்லித்தான் நான் எழுதியிருந்தேன்.

அதற்குள் மேசையில் இருந்த மற்றப் பெண்கள் கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அக்கா, இதுதான் உங்க காலேஜ் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்க அம்மா உன்னப் பத்திப் பேசிப் பேசி எங்க காது புளிச்சுப் போச்சு. அஞ்சாவது போறா, எட்டாவது போறா, காலேஜ் சேந்துட்டா. தூரத்துல சொந்தக்காரங்க வீட்டுல படிக்கிறான்னாங்க. இந்த வருசம் முடிக்கிறதாச் சொன்னாங்களே, முடிச்சுட்டியா?"

முடித்திருந்தேன். இந்த வருடம்தான். அத்தை வருடங்களை எண்ணி எண்ணி என்னை ஒவ்வொரு வகுப்பாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு வகுப்பில்கூட என்னைத் தவறவிடவில்லை.

நான் ஆமாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். முடிச்சுட்டேன் என்று சிரித்திருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் நான் படித்தவள். தப்பான தகவல் என் முன்னால் நிற்கும்போது திருத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

"இல்லைங்க" என்றேன். "இவங்க எனக்கு அத்தை. அவங்கதான் என் அம்மா."

மெஷின்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த மேசையைச் சுற்றி ஒரு சத்தம் நின்றுபோனதை நான் கேட்டேன். கண்ணாடிக்காரி அத்தையைப் பார்த்தாள். அத்தை குனிந்து வண்டியிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். அதை எடுக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

"ஆமா" என்று நிமிர்ந்தாள். "எங்க அண்ணி பொண்ணு."

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "வா, போகலாம். இந்தக் கையெழுத்து வேணாம். வேற வேல பாத்துக்கலாம்."

"என்ன கையெழுத்து?" என்றாள் அத்தை.

நான் சொன்னேன். படிவத்தைக் காட்டினேன். அம்மாவின் பிடி இறுகிக்கொண்டே போனது. அத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பதிவேட்டில் தாய் என்று குறிக்கப்பட்டுள்ள நான் இக்குழந்தையைப் பெற்றவள் அல்ல. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"இதப் பொறுப்பாளரும் படிக்கணுமா?"

"சாட்சிக்கு. அவங்க கையெழுத்தும் வேணும்."

"வேணாம்னு சொல்றேன்ல" என்றாள் அம்மா. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "ஒரு தடவ அவள அதிகாரி முன்னாடி நிக்க வச்சு இதச் சொல்ல வச்சது போதாதா?"

"அண்ணி, சும்மா இருங்க. அவ படிச்சதே இதுக்குத்தானே. குடும்மா பேனாவ."

பொறுப்பாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். படிவத்தை இரண்டு தடவை படித்தாள். அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கையெழுத்துப் போட்டு, முத்திரையை மூச்சால் ஈரப்படுத்தி அழுத்தினாள். நாங்கள் வெளியே வரும்போது மேசைப் பெண்கள் குனிந்த தலையோடு மடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை சொன்ன மற்றக் கதைகளில் எதெல்லாம் நிஜம் என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

அத்தை கேட் வரைக்கும் வந்தாள். முன்பு ஒரு தடவை அம்மா வந்து திரும்பிப்போன அதே கேட்.

"அந்தப் பழைய பேப்பர ஒரு தடவ காட்டேன்" என்றாள்.

கொடுத்தேன். என் பெயருக்கும் அவள் பெயருக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் பெருவிரலை ஓட்டினாள். "இது எனக்குக் கெடைக்குமா?"

"அசல அவங்க கேக்குறாங்க, அத்தை. நான் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புறேன்."

"ரெண்டு நாள்ல வந்துருமா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்டாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"வந்துரும்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு தடவை பேசினாள். "மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் போனேன். சொன்னேனா நான்?"

"இல்லம்மா."

"அதான் பாத்தேன்" என்றாள்.

திங்கட்கிழமை பஸ் தாமதம். பதிவு அலுவலகத்துக்கு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் ஒருத்தி கட்டுக்கட்டாக எதையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு ஐம்பது. முதலில் கொடுத்துவிடலாம், கவுன்ட்டரிலேயே ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஓடினேன். கவுன்ட்டர் எழுத்தர் தாள்களைச் சரிபார்த்தார். பழைய நகலின் குறுக்கே ரத்து என்ற முத்திரையைப் போட்டு ஒரு அட்டைப் பெட்டிக்குள் போட்டார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் கேட்கவில்லை. பிறகு வந்து கேட்கலாம் என்று இருந்தது. வேலை கிடைத்துவிட்ட நிம்மதியில் ஒரு டீ குடித்தேன், அதுவும் நினைவிருக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் புதிய பதிவு வந்தது. அதற்குள் நான் வேலையில் சேர்ந்திருந்தேன். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் அடையாளம் தெரியும். விரல் வைத்துக் காட்டினேன். பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவ பேரு எங்க?"

"எடுத்துட்டாங்கம்மா."

"அடிச்சுட்டு எழுதியிருக்காங்களா?"

"இல்லம்மா, இது புதுப் பேப்பர்."

அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"அவ கேட்டாளே, ஜெராக்ஸ். அனுப்பிட்டியா?"

என் பட்டத்துக்குப் பத்து நகல், மதிப்பெண் பட்டியலுக்குப் பத்து நகல் எடுத்து உறை போட்டு அடுக்கி வைத்திருந்தேன். அந்த ஒரு தாளுக்கு ஒன்று இல்லை. மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கவுன்ட்டருக்கு ஓடினேன். ரத்தான பதிவுக்கு நகல் கொடுப்பதில்லை என்றார்கள். அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டேன். கிடங்குக்குப் போயிருக்கும், இல்லை கூழாக அரைத்திருப்பார்கள் என்றார் எழுத்தர். அவர்மேல் தப்பில்லை. அவரும் என்னைப் போல ஒரு எழுத்தர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதே புடவை. இந்தத் தடவை தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"நீ எடுத்துக் குடுத்த, நான்தான் பஸ்ல தொலச்சுட்டேன்னு சொல்றேன்."

"அம்மா..."

"என் கணக்குல ஏற்கனவே நிறைய இருக்கு. இன்னொண்ணு சேந்தா ஒண்ணும் ஆயிடாது. உன் மேல அவளுக்குக் கோவம் வரக் கூடாது. பதினாலு மாசம் தூக்கி வச்சிருந்தவ."

நானும் வரேன், நானே சொல்றேன். அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைப் பிடித்தபடி ஒரு நிமிடம் எனக்காகக் காத்திருந்தாள். இப்போது யோசித்தால் காத்திருந்தாள் என்றுதான் தோன்றுகிறது.

"பஸ் எத்தன மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டேன்.